மருந்தில்லாத தோட்டா

எங்கள் ஊரில் புதிதாகத் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மூன்று பேர் போன மாதம் வீடு தேடி வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். அந்தக் காலத்தில் மேக்னம் என்கிற பெரிய ரைபிளுக்குக் கையாலேயே தோட்டா நிரப்பினீர்களாமே, ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுமாமே, அந்த ரகசியத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ரகசியம் என்று ஒன்றும் கிடையாது தம்பிகளா. ஒவ்வொரு தோட்டாவும் அடுத்ததைப் போல இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எழுதப்போவது அப்படி இல்லாமல் போன ஒரு தோட்டாவைப் பற்றி. மலருக்கு இது மங்கலமாக இருக்காது. வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

நான் சமணன். எங்கள் ஆட்களை இங்கே நயினார் என்பார்கள். எறும்பு ஏறிய சர்க்கரையை உதறி, எறும்புகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுக் காப்பி போடுகிற வீடு எங்களுடையது. பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதாவது சோற்றோடு போய்ச் செத்துவிடக் கூடாது என்பது காரணம். இப்படிப்பட்டவன் தோட்டாக் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஊரும் சிரித்தது.

முப்பது வயது வரை பிள்ளையார்பாளையத்தில் ஜரிகை நிறுக்கிற வேலை. முதலாளிக்கு வியாபாரம் நொடித்துப் போனது. வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், அம்மா. அந்த நேரத்தில் ரஹீம் பாய் கூப்பிட்டார். மார்க்கெட் பக்கம் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆற்காட்டு நவாபு காலத்திலிருந்து அவர் குடும்பத்துக்கு அதுதான் தொழில். மயிரிழை எடை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கை உனக்கு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பானேன் என்று கேட்டார். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடைசிவரை என் சம்பளத்தில் வாங்கிய அரிசியை அவர் தொடவில்லை. குத்தகை நெல்லில்தான் தனியாகப் பொங்கிக்கொண்டார்.

பாய்க்கு என்னைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம். “நீ அளக்கற, நான் நிரப்பறேன், எவனோ சுடறான். பாவம் யார் தலையில நைனாரே?” என்பார். வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றுகிறவர்கள்தான் வாடிக்கைக்காரர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கெடுபிடி வந்த காலம் அது. பெரிய ரைபிள் வைத்திருந்தவர்களுக்குத் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து பாயிடம் கொடுப்பார்கள். நிரப்பிக் கொடுக்க அவருக்கு லைசென்ஸ் இருந்தது. சென்னையிலிருந்து கூட ஆட்கள் வருவார்கள்.

வேலை இப்படி. கூடுகளைத் துடைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும். தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் அந்தக் கூட்டைச் சுத்தியால் நசுக்கிவிடுவார் பாய், ஆசைப்பட்டு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று. அப்புறம் அச்சில் வைத்து அழுத்தி, சூட்டில் உப்பிப் போனதைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவார். பின்புறம், ஊசி குத்தியதும் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கிற புதுக் கேப்பு பொருத்துவார். பிறகு என் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வாசல் கதவைச் சாத்த வேண்டும். கறுப்புச் சேமியாவைப் பொடிப்பொடியாக நறுக்கியது போல இருக்கும் வெடிமருந்தைத் தட்டில் கொட்டி, கடைசித் துணுக்குகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சேர்க்க வேண்டும். முள் நடுவில் நின்றதும் கூட்டில் ஊற்ற வேண்டும்.

இருபது குழி வெட்டிய தேக்குப் பலகை ஒன்று உண்டு. மருந்து ஊற்றாத கூடுகள் அதில் தலைகீழாக நிற்கும். ஊற்றியவை நிமிர்ந்து நிற்கும். ஒன்றை எடு, நிமிர்த்து, ஊற்று, வை. இருபதும் நிமிர்ந்த பிறகு பாய் வந்து டார்ச்சு அடித்து ஒவ்வொரு வாய்க்குள்ளும் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் குண்டைப் பொருத்துவார்.

அந்த மேசையில் பாய் வைத்ததுதான் சட்டம். ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் மேசைமேல் இருக்கலாம். வேலை நடக்கும்போது யாரும் பேசக் கூடாது. நடுவில் எழுந்திருக்கக் கூடாது. எதற்காக எழுந்தாலும், அதுவரை ஊற்றியதை எல்லாம் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை அவருடைய சொந்த மச்சான் செத்துப்போன சேதி வந்தது. பதினெட்டுக் கூடுகள் நிமிர்ந்து நின்றன. பதினெட்டையும் கொட்டிய பிறகுதான் என்னைக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு சட்டம் சொல்லி அனுப்புவார். விசையை அழுத்தினால் பெரிய சத்தம் வராமல் ‘டப்’ என்று சின்னச் சத்தம் வந்தால், அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. குண்டு குழாய்க்குள் சிக்கியிருக்கும். மேலே இன்னொன்றைச் சுட்டால் துப்பாக்கி வெடித்துச் சுடுகிறவன் முகம் போய்விடும். ஆடு மாடு வாங்குகிறவனிடம் சத்தியம் வாங்குவது போல இதைத் திருப்பிச் சொல்ல வைத்துத்தான் தோட்டாவைக் கையில் கொடுப்பார்.

வாடிக்கைக்காரர்களில் மாகறல் பக்கத்து ரைஸ் மில் சொந்தக்காரர் ஒருவர். எல்லாருக்கும் அவர் மில்காரர். சீமைக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடம் முந்நூற்று எழுபத்தைந்து நம்பர் மேக்னம் ரைபிள் ஒன்று வாங்கியிருந்தார். கூடவே எப்போதும் சின்னையன் வருவார். ஏரிக்கரையில் குடியிருந்த இருளர். தடம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. புதுத் தோட்டா நிரப்பினால் காய்ந்த ஏரியில் அட்டை நட்டு ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்போம். ஓடிப்போய் அட்டையை எடுத்து வருவது சின்னையன்தான். ஐந்து ஓட்டையையும் ஒரு தீப்பெட்டியால் மூடிக் காட்டுவார். “நைனார் கை அளந்த மருந்து, எங்க போகும்?” என்பார். அந்தப் பாராட்டுக்கு நான் மயங்கியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிர்க்கொலை பாவம் என்று வளர்ந்தவனுக்கு அந்த அட்டையைப் பார்த்தால் நெஞ்சு நிமிரும்.

அது கார்த்திகை மாதம். ஓசூருக்கு அப்பால் மலைக்காட்டில் ஒற்றை யானை ஒன்று ஊருக்குள் இறங்கி ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. சுடுவதற்கு அரசாங்கமே அனுமதி கொடுத்து, பெரிய ரைபிள் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டது. மில்காரர் மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கினார். விடிகாலையில் கிளம்ப வேண்டும், இருபது தோட்டா வேண்டும் என்றார். கூடுகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. மருந்து ஊற்றுவதுதான் பாக்கி.

ரம்ஜான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. நோன்பு மாதத்தில் எங்கள் கடையில் ஒரு வேடிக்கை உண்டு. பொழுது சாய்கிற அந்த நிமிஷத்துக்கு முன்னால் நான் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அந்த நிமிஷத்துக்குப் பின்னால் அவர் சாப்பிட ஆரம்பிப்பார். ஒரே சூரியனை இரண்டு பேரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். அன்றைக்கு மழை மூட்டம். சூரியனே கண்ணில் படவில்லை. பாய் சாயங்கால அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். அப்படியே பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு வருவார். நான் தனியாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டோ பதின்மூன்றோ முடிந்திருக்கும். அறை மங்கிக்கொண்டே வந்தது. பொழுது போய்விட்டதா, மேகமா என்று தெரியவில்லை. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. அன்றைக்கு எனக்கு ஒருவேளை விரதம், அந்த ஒருவேளையும் போனால் மறுநாள் காலை வரை பட்டினிதான். எழுந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், பாய் வருவதற்குள் முடியாது. இரண்டு கவளம் விழுங்கிவிட்டு வர எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தேன். என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பின்கட்டுக்குப் போய் அவசர அவசரமாகத் தயிர்ச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, கை கழுவித் துடைத்து, வந்து உட்கார்ந்தேன். தலைகீழாக நின்ற கூடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஊற்றி இருபதையும் முடித்தேன்.

பாய் வரும்போது கிட்டத்தட்ட இருட்டிவிட்டது. பகல் முழுக்கத் தண்ணீர் கூடக் குடிக்காத மனுஷர். டார்ச்சை அடித்து வரிசையாகப் பார்த்தார். நோன்பு திறக்கிற பாங்கு ஒலித்தது. ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மீதியையும் பார்த்தார். பிறகு குண்டுகளைப் பொருத்தினார். இருபது தோட்டாவையும் பெட்டியில் அடுக்கி மில்காரர் வீட்டுக்கு அனுப்பினோம்.

ஆறாம் நாள் மில்காரர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியவர் கடைக்குள் வந்து ரைபிளை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். கூடச் சின்னையன் இல்லை. பாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மில்காரர் சொன்னது இதுதான். யானை மூங்கில் புதருக்குள்ளிருந்து நேராக வந்திருக்கிறது. முதல் குண்டு பட்டது, ஆனால் விழவில்லை. இரண்டாவதற்கு விசையை அழுத்தியதும் ‘டப்’ என்று சின்னச் சத்தம்.

“நீங்க சொன்னது காதுல கேட்டுச்சு பாய்,” என்றார் மில்காரர். “அடுத்தத ஏத்தாதேன்னு. நின்னுட்டேன். சின்னையன் என்னைப் பின்னால தள்ளிட்டு முன்னால போயிட்டான். துப்பாக்கி கையில இருந்தும் நான் பாத்துக்கினே நின்னேன்.”

யானையை மறுநாள் வேறு யாரோ சுட்டார்கள். சின்னையனை அங்கேயே எரித்துவிட்டு வந்திருந்தார்கள்.

அன்று கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பாய் அந்த ரைபிளைப் பிரித்தார். அவர் அவசரப்படவே இல்லை. குழாயின் முனையிலிருந்து பித்தளைக் கம்பியை விட்டு மெல்ல மெல்லத் தட்டினார். குண்டு பின்பக்கமாக வந்து துணிமேல் விழுந்தது. வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி, குண்டு சிக்கியிருந்த இடத்தைத் துடைத்து எடுத்து என் முன்னால் விரித்தார். பிறகு, ரைபிளிலிருந்து முதலிலேயே எடுத்து வைத்திருந்த அந்தக் கூட்டை முகர்ந்து பார்த்தார், டார்ச்சு அடித்தார், கவிழ்த்துத் தட்டினார். கேப்பு வெடித்த கொஞ்சம் கரிதான் இருந்தது. நனைந்துபோன மருந்தோ எரியாத துணுக்கோ எதுவும் இல்லை. அந்தக் கூட்டில் மருந்து விழவே இல்லை.

அந்த நிமிஷம் என் கைக்கு ஞாபகம் வந்தது. சாப்பிட எழுந்தபோது ஒரு கூட்டை நிமிர்த்தி வைத்திருந்தேன். தட்டில் அதற்கு நிறுத்த மருந்து இருந்தது. மழைக்காலத்தில் மருந்தை ஈரக் காற்றில் திறந்து வைக்கக் கூடாது என்று அந்தத் தட்டை டப்பாவில் கொட்டி மூடிவிட்டுத்தான் போனேன். கூட்டைக் கவிழ்க்க மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அது ஊற்றியதுபோல நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

பாய் கூட்டை மேசைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “நடுவுல எழுந்தியா நைனாரே?”

“இல்ல பாய்.”

எழுபதாயிரம் தடவை அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்ற பயம் இருந்தது. இரண்டு பெண் குழந்தைகள் கண்முன் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சோற்றுக்காக ஒரு உயிர் போனது என்று என் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று நடுங்கினேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

பாய் தலையாட்டினார். நான் எழுந்திருக்கவில்லை என்றால் எனக்குத் தவறு நேர வழியில்லை என்று அவர் நம்பினார். என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கும் இருந்தது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். எப்படி நேர்ந்திருந்தாலும் வெறும் கூட்டைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய, டார்ச்சு அடித்துப் பார்த்த கண். “என் கண்ணுதான் போயிடுச்சு,” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது பாய், தோட்டாவைச் சோதித்துக் கொடுத்தது நான், தவறு என் கண்ணுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பேச்சே எடுக்கவில்லை. நிரப்புகிற லைசென்ஸை அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். அச்சு மேசையைத் துணி போட்டு மூடினார். அப்புறம் கடையில் பூட்டு ரிப்பேரும், நாட்டுத் துப்பாக்கிக்குக் கட்டை மாற்றுவதும்தான். எனக்கு அங்கே வேலை இல்லை. அவரே என்னைப் பிள்ளையார்பாளையத்துக்கு அழைத்துப் போனார், வேறொரு ஜரிகைக் கடைக்கு. முதலாளியிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: “இந்த ஆளு தராசு முன்னால உக்காந்தா, முடியற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாரு.”

எட்டு வருஷம் போனது. அதற்குள் வேட்டையையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். மில்காரர் ரைபிளைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். பாயை மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அவர் தன் கண்ணை நம்புவதை விட்டிருந்தார். சில்லறையைத் தடவிப் பார்த்து வாங்குவார். தெருவைத் தாண்டப் பேரனின் தோளைப் பிடித்துக்கொள்வார். குர்ஆனை மருமகள் ஓதக் கேட்பார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். லேசான புரைதான், இதனால் எதுவும் தெரியாமல் போகாது, ஆபரேஷன் செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்றார். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மனுஷனைக் கொன்ற கண்ணுக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா இறந்து ஒரு மாதம் கழித்துப் பாயிடம் சொன்னேன். நோன்பு மாதம் அல்ல, சாதாரண ஒரு மத்தியானம். கட்டிலில் சாய்ந்திருந்தார். கூட்டை நிமிர்த்தி வைத்ததையும், தட்டைக் கொட்டியதையும், தயிர்ச் சோற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை விரித்து, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சின்னையன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

“அப்போ என்கிட்ட எதுக்கு மொதல்ல வந்த?” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த நாலு மாதமும் என்னோடு பேசவில்லை.

மறுநாளே மாகறல் பஸ் ஏறினேன். சின்னையன் மனைவிக்கு மில்காரர் தன் மில்லிலேயே வேலை போட்டுக் கொடுத்திருந்தார். மில்லுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வீடு. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து நொய் புடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். தோட்டாக் கடை நைனார்தானே, அவர் உங்களைப் பற்றி நிறையச் சொல்வார் என்று சிரித்தார். உட்காரப் பலகை எடுத்துப் போட்டார். எனக்கு உட்கார வரவில்லை. நின்றபடியே சொன்னேன். மருந்து, கேப்பு, கூடு என்று சொன்னால் அவருக்குப் புரியாது என்று, என் தவறால் அந்தத் தோட்டா வெறும் தோட்டாவாகப் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் புடைப்பதை நிறுத்தவில்லை. முறம் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது.

முடித்ததும் கேட்டார்: “அந்தக் குண்டு வெடிச்சிருந்தா, எங்க ஊட்டுக்காரரு வந்திருப்பாரா?”

இருக்கலாம், இல்லாமலும் போகலாம், யானையின் விஷயம் யாருக்குத் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தப்பித்துக்கொள்ளப் பாயிடம் சொன்ன ஒரு பொய் போதும் என்று பட்டது.

“வந்திருப்பார்மா.”

முறம் நின்றது. அந்த அம்மா அதைக் கீழே வைத்தார். சிந்திய நொய்யை விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஒரு குவியலாகச் சேர்த்தார்.

“யானை அடிச்சுதுன்னு இருந்தேன்,” என்றார். “அது மிருகம். அதுக்கு என்னா தெரியும்னு மனச ஆத்திக்கினு இருந்தேன். இப்போ நீங்க வந்து, மனுசன் செஞ்சதுன்னு சொல்றீங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. அவர் அழவில்லை. எழுந்து, நான் உட்காராத பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களைப் போய்ட்டு வாங்க என்று சொல்லி அனுப்புவதுதானே நம் வழக்கம். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, “போங்க,” என்று மட்டும் சொன்னார்.